உங்களுக்கும் இந்த நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு?

இணையக் கலைக்களஞ்சியத்தில் நடக்கும் சர்ச்சைகளை வகுப்பறைப் பாடமாக்குதல்

2017-ஆம் ஆண்டு ஆசிரியர்களுக்கான தமிழ் விக்கிப்பீடியா பயிற்சியில் நானும் கலந்துகொண்டேன். கணக்குத் தொடங்குவது, தமிழில் தட்டச்சு செய்வது, மணல்தொட்டியில் எழுதிப் பார்ப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டிய ஆண்டு அது. ஆளுக்கு ஒரு கட்டுரையாவது எழுதிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் உற்சாகம். நான் முதலில் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி நான்கு வரி எழுதினேன். இரண்டாவதாக எழுதியதுதான் வம்பாகிவிட்டது.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் பொறியியல் முடித்துவிட்டுச் சிவகாசிக்கே திரும்பி வந்து, ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து மென்பொருள் நிறுவனம் தொடங்கியிருந்தான். அவனோடு சேர்த்து நான்கு பேர். அச்சகங்களுக்கான கணக்கு மென்பொருள் செய்தார்கள். ஒரு காலண்டர் வேலைக்கு எத்தனை ரீம் காகிதம் வேண்டும், வெட்டும்போது கழிவு எவ்வளவு போகும், பைண்டிங் கூலி என்ன ஆகும் என்று அது சொல்லிவிடும். அரசுப் பள்ளியில் படித்த பையன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'சிவகாசியின் முன்னணி மென்பொருள் நிறுவனம்' என்று தொடங்கி ஒரு கட்டுரை எழுதிப் பதிவேற்றிவிட்டேன். சான்றுகளாக நான் கொடுத்தவை மூன்று: அவர்களுடைய இணையதளம், ஒரு நாளிதழ் இணைப்பில் வந்த பத்தி, எங்கள் பள்ளி ஆண்டு மலர்.

சில மணி நேரத்தில் கட்டுரையின் தலையில் ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. இந்த நிறுவனத்தின் குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை, நடை விளம்பரம் போல இருக்கிறது என்று அது சொன்னது. நான் அதை நீக்கினேன். யாரோ ஒரு பயனர் திரும்ப வைத்தார். மறுபடி நீக்கினேன். மறுபடி வைத்தார். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயிற்சியில் உடன் இருந்த இரண்டு ஆசிரியத் தோழியரை அலைபேசியில் அழைத்து, "உரையாடல் பக்கத்துல போயி கட்டுரை கட்டாயம் வேணும்னு எழுதுங்கப்பா" என்றேன். அவர்களும் எழுதினார்கள். அந்தப் பயனர் கோபப்படவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "உங்களுக்கும் இந்த நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு?"

அன்று இரவு என்னால் பதில் எழுத முடியவில்லை. அடுத்த சில நாட்களில் கட்டுரை நீக்கப்பட்டது. என் மாணவனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் சிரித்தான். "விடுங்க டீச்சர். ரீம் கணக்கு தப்பா வந்தா அச்சகக்காரர் விக்கிப்பீடியாவையா போயிப் பாக்கப் போறாரு?"

அவனுக்கு அது சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை. வகுப்பில் தினமும் "காரணம் சொல், ஆதாரம் காட்டு" என்று கேட்கிற நான், என் முறை வந்தபோது ஆதாரத்துக்குப் பதிலாக ஆள் சேர்த்திருந்தேன். அந்த ஒரு கேள்வியிலிருந்து உருவான பாடத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மூடிய அறையும் திறந்த திண்ணையும்

தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிதன்று. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்' பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. இவ்வளவு பெரிய பணியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எத்தனை வரி கொடுப்பது என்ற விவாதங்கள் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அவை பதிப்புக் குழுவின் அறைக்குள்ளேயே முடிந்துவிடும். வாசகர் கைக்கு வருவது அச்சிட்ட முடிவு மட்டுமே.

2001 ஜனவரியில் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தொடங்கிய விக்கிப்பீடியா இதைத் தலைகீழாக மாற்றியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் சண்டையும் எல்லார் கண்முன்னும் நடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்றே பெயர். ஊர்ப் பேச்சு நடக்கும் இடத்துக்கு நம் ஆட்கள் வைத்த பொருத்தமான பெயர்.

நம்மில் பெரும்பாலோர் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். அதன் மேலே இன்னும் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று 'வரலாறு'. கட்டுரை தொடங்கிய நாள் முதல் யார், எந்த நாள், எந்த மணிக்கு, எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது அங்கே வரிசையாக இருக்கும். இன்னொன்று 'உரையாடல்'. ஏன் சேர்த்தார்கள், ஏன் நீக்கினார்கள் என்று எழுதியவர்கள் வாதாடிய இடம் அது. "விக்கிப்பீடியாவை நம்பாதே" என்று மாணவரிடம் சொல்வதும் "விக்கிப்பீடியாவில் பார்த்து எழுதி வா" என்று சொல்வதும் பாதி வேலைதான். அந்த இரண்டு கதவுகளைத் திறக்கக் கற்றுக்கொடுத்தால்தான் வேலை முழுமையாகும்.

சண்டைக்கும் விதி உண்டு

சிறு நிறுவனங்களைப் பற்றிய கட்டுரைகளில் சர்ச்சை அதிகம் வருவதற்குக் காரணம் எளிது. பெரிய நிறுவனத்தைப் பற்றி நூறு பேர் எழுதியிருப்பார்கள். சிறு நிறுவனத்தைப் பற்றி எழுத முன்வருபவர் பெரும்பாலும் அதன் உரிமையாளர், ஊழியர், உறவினர், வாடிக்கையாளர், போட்டியாளர் ஆகியோரில் ஒருவராகத்தான் இருப்பார். எல்லாருக்கும் அதில் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. என்னைப் போல, பாசமும் ஒரு கணக்குதான்.

இதைச் சமாளிக்கக் கலைக்களஞ்சியம் வைத்திருக்கும் விதிகளை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்:

1. சரிபார்க்க முடிய வேண்டும். உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. படிப்பவர் போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடிய நம்பகமான சான்று இருக்க வேண்டும்.

2. வெளியாள் எழுதியிருக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டுமென்றால், அதனோடு தொடர்பில்லாத நம்பகமான ஏடுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். சொந்த இணையதளம், செய்திக் குறிப்பு, பணம் கொடுத்து வெளியிட்ட பத்தி எதுவும் கணக்கில் வராது. இதைத்தான் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள்.

3. நடுநிலை வேண்டும். புகழ்ச்சி, வசை இரண்டுமே கூடாது. சான்றுகள் ஒரு செய்திக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கின்றனவோ அவ்வளவு இடமே கட்டுரையிலும் கொடுக்க வேண்டும்.

4. தொடர்பு இருந்தால் சொல்ல வேண்டும். இதை நலமுரண் என்கிறார்கள். பணம் வாங்கி எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியாகவே இருக்கிறது.

5. மாறி மாறி நீக்கக் கூடாது. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் எழுத்தை அழித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி. மூன்றாம் முறைக்கு முன்பே உரையாடல் பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது.

என் கட்டுரையை இந்த ஐந்து விதிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இணையதளம் அவர்களுடையது. நாளிதழ் இணைப்பில் வந்தது விளம்பரப் பத்தி. ஆண்டு மலரில் அந்தக் குறிப்பை எழுதியதே நான்தான்! 'முன்னணி' என்ற சொல்லுக்கு என் மகிழ்ச்சியைத் தவிர வேறு சான்று கிடையாது.

2015-இல் வெளிப்பட்ட இரண்டு நிகழ்வுகள்

இந்த விதிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதற்கு இரண்டு உண்மை நிகழ்வுகளை மாணவரிடம் சொல்லலாம்.

முதலாவது, 2015 ஆகஸ்ட் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் வெளிப்பட்டது. ஆரஞ்ச்மூடி என்ற பயனர் பெயரில் முதலில் பிடிபட்டதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு கும்பல் ஏராளமான போலிக் கணக்குகளை வைத்திருந்தது. இப்படி ஒருவரே பல பெயர்களில் ஆட்டுவிக்கும் கணக்குகளைக் 'கைப்பாவை' என்கிறார்கள். விளம்பர நடை என்று நிராகரிக்கப்பட்ட வரைவுக் கட்டுரைகளை அந்தக் கும்பல் தேடும். அவற்றுக்குரிய சிறு நிறுவனங்களையும் கலைஞர்களையும் தொடர்புகொண்டு, "நாங்கள் அனுபவமுள்ள தொகுப்பாளர்கள், பணம் கொடுத்தால் உங்கள் கட்டுரையை ஏற்றித் தருகிறோம்" என்று சொல்லும். ஏற்றிய பிறகு, கட்டுரை நீக்கப்படாமல் காப்பதற்கு மாதந்தோறும் பணம் கேட்கும். விசாரணையின் முடிவில் 381 கணக்குகள் தடை செய்யப்பட்டன, 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன.

இதில் ஏமாந்தவர்கள் யார் என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். என் மாணவனைப் போல நான்கு பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள். கலைக்களஞ்சியத்தில் பெயர் வந்தால் மதிப்பு என்ற ஆசையைத்தான் அந்தக் கும்பல் காசாக்கியது. நம் ஊர்ச் சிறு தொழில் செய்பவர்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால், "அங்கே எழுத யாருக்கும் கட்டணம் கிடையாதே" என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது நிகழ்வு இந்தியாவைச் சேர்ந்தது. ஆசிரியர்களான நம்மை நேரடியாகத் தொடுவது. ஐஐபிஎம் என்ற தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனம் பெரிய பெரிய விளம்பரங்களால் நாடெங்கும் அறியப்பட்டிருந்தது. அது பல்கலைக்கழகம் அல்ல, பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டிருந்தது. எம்பிஏ, பிபிஏ போன்ற சொற்களை அது பயன்படுத்தக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தடை விதித்தது. ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த நிறுவனத்தைப் பற்றிய கட்டுரை பல ஆண்டுகள் சர்ச்சைக் களமாக இருந்தது. நிருவாகி உரிமை பெற்ற வைஃபைஒன் என்ற பயனர் ஒருவர் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தொகுத்துவருகிறார் என்று மற்றவர்கள் குற்றம் சாட்டினர். 2015 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அவருடைய நிருவாகி உரிமையைப் பறித்து, அவரைத் தடை செய்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, "இந்தக் காலேஜ் எப்படி டீச்சர்?" என்று கேட்டு நம் வீட்டு வாசலில் நிற்கும் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். நாமும் அலைபேசியை எடுத்துத் தேடித்தான் பதில் சொல்கிறோம். அந்தப் பக்கத்தில் ஒருவர் சத்தமில்லாமல் நீக்கிய ஒரு வரி, ஒரு குடும்பத்தின் கல்விக் கடனாக மாறிவிடலாம்.

இரண்டு நிகழ்விலும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் நமக்குரிய பாடம். யாரும் யாருடைய கணினிக்குள்ளும் நுழையவில்லை. எந்தக் கணக்கு எந்தக் கட்டுரையில் எதை எப்போது மாற்றியது என்ற வரலாற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். அந்தக் குறிப்புகள் அழியாமல் இருந்ததால்தான் விசாரிக்க முடிந்தது. ஏமாற்று நடந்தது உண்மை. அதைக் காட்டிக் கொடுத்ததும் அதே பக்கம்தான்.

வகுப்பறைச் செயல்பாடு: ஒரு நிறுவனம், ஏழு துண்டுச் சீட்டுகள்

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளில் இதைச் செய்தேன். இணையம் தேவையில்லை. சீட்டுகளும் கரும்பலகையும் போதும்.

நான்கு பேர் நடத்தும் ஒரு கற்பனை மென்பொருள் நிறுவனம். அச்சகங்களுக்குக் கணக்கு மென்பொருள் விற்கிறது. அதைப் பற்றிய ஏழு சீட்டுகளை நானே எழுதிக் கொடுத்தேன்:

1. நிறுவனத்தின் இணையதளம்: "தென்னிந்தியாவிலேயே முதன்முதலாக..."
2. நாளிதழ் இணைப்பில் வந்த விளம்பரப் பத்தி
3. ஊரின் புதிய தொழில்கள் பற்றி நாளிதழ் நிருபர் எழுதிய செய்தி. இந்த நிறுவனத்துக்கு ஐந்து வரி
4. நிறுவனப் பதிவு ஆவணம்: தொடங்கிய நாள், முகவரி
5. வாடிக்கையாளர் ஒருவர் அலைபேசியில் எழுதிய கருத்து: "காசு போச்சு, யாரும் வாங்காதீங்க"
6. போட்டி நிறுவனத்தின் துண்டறிக்கை
7. ஒரு வாடிக்கையாளருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உத்தரவிட்டதாக ஒரு நாளிதழ்ச் செய்தி

வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்தேன்: உரிமையாளர், வாடிக்கையாளர், போட்டியாளர், தொகுப்பாளர். ஒவ்வொரு குழுவும் கரும்பலகையில் ஒரு நேரத்தில் ஒரு வரி எழுதலாம் அல்லது ஒரு வரியை அழிக்கலாம். ஆனால் அழிக்கும்போது காரணத்தையும் சீட்டு எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு மாணவர் 'வரலாறு' எழுதுபவர். நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு நோட்டில் குறித்துக்கொள்வது அவர் வேலை.

முதல் பத்து நிமிடம் சந்தைக்கடை. உரிமையாளர் குழு 'முதன்முதலாக' என்று எழுதியது. போட்டியாளர் குழு அழித்தது. திரும்ப எழுதினார்கள். திரும்ப அழித்தார்கள். நான்காம் முறை சாக்பீஸை ஒளித்துவைத்தார்கள்! அப்போது நிறுத்தச் சொல்லி, வரலாறு எழுதியவரைப் படிக்கச் சொன்னேன். அவன் நிதானமாகப் படித்தான்: "10.12, எழுதினார்கள். காரணம் இல்லை. 10.13, அழித்தார்கள். காரணம் இல்லை. 10.13, எழுதினார்கள். காரணம் இல்லை." வகுப்பே சிரித்துவிட்டது. தங்கள் சண்டையைத் தாங்களே வெளியில் நின்று கேட்டபோது, அதில் சத்தம் மட்டும்தான் இருந்தது என்று அவர்களுக்கே புரிந்தது.

பிறகுதான் உண்மையான விவாதம் தொடங்கியது. ஏழாம் சீட்டை வைத்து. உரிமையாளர் குழு அதை முழுவதும் நீக்கச் சொன்னது: "ஒரு ஆளு போட்ட கேஸ்தானே!" போட்டியாளர் குழு அதையே முதல் வரியாக வைக்கச் சொன்னது. தொகுப்பாளர் குழு கொஞ்ச நேரம் கூடிப் பேசி, கட்டுரையின் நடுவில் ஒரே வரியாக, ஆணையம் என்ன சொன்னது என்பதை மட்டும் எழுதியது. 'மோசடி' என்ற சொல்லை வெட்டியது, செய்தியில் அந்தச் சொல் இல்லை என்று காரணம் காட்டியது. ஐந்தாம் சீட்டை யார் எழுதியது என்று தெரியாது என்பதால் ஒதுக்கியது. நடுநிலை என்பது இரண்டு பக்கமும் சரிபாதி பேசுவது அல்ல, சான்று சொன்ன அளவுக்குப் பேசுவது என்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்தார்கள்.

இறுதியில் கரும்பலகையில் நின்றவை ஆறே வரிகள். ஒரு மாணவன் கேட்டான்: "இவ்வளவு சண்டைக்கு ஆறு வரிதானா டீச்சர்?" நான் கேட்டேன்: "உண்மையான கலைக்களஞ்சியமா இருந்தா இந்த ஆறு வரியாவது நிக்குமா?" இரண்டாம் விதியைப் பார்த்தார்கள். வெளியாள் எழுதியவை மூன்றாம் சீட்டும் ஏழாம் சீட்டும்தான். அதிலும் ஒன்று ஐந்து வரி. விரிவாக எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. தனிக் கட்டுரைக்குத் தகுதி இல்லை என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். என்னை 2017-இல் கோபப்படுத்திய அதே முடிவுதான்.

அம்மா சொன்னது சான்று இல்லையா?

மணி அடிக்கப்போகும் நேரத்தில் வாடிக்கையாளர் குழுவிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர்.

"எங்கம்மா பிரஸ்ல கம்ப்யூட்டர் கணக்கு வந்தப்புறம் பேரேடு எழுதிட்டிருந்த ரெண்டு அக்காவை நிப்பாட்டிட்டாங்க டீச்சர். அது எந்தச் சீட்டுலயும் இல்லையே? அம்மா சொன்னது சான்று இல்லையா?"

வகுப்பு அமைதியானது. நம் பகுதியில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று ஏதோ ஒரு ஆலையின் வாசல் வழியாகத்தான் அவர்கள் வீட்டுக்குச் சோறு வருகிறது. அந்த ஆலைகளைப் பற்றி உரிமையாளர் சொல்வது அச்சாகும். அரசு சொல்வது அச்சாகும். உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவர் சொல்வது பெரும்பாலும் அச்சாவதில்லை. வெடி விபத்து நடந்தால் மட்டும் நிருபர்கள் வருவார்கள்.

"சான்று இல்லை" என்று சொன்னால் அவள் அம்மாவைப் பொய்யர் ஆக்கியதாகிவிடும். "சான்றுதான்" என்றால் இரண்டு பாடவேளை சொன்ன விதியை நானே உடைத்ததாகிவிடும். உடனே பதில் சொல்லாமல், "நாளைக்குப் பேசுவோம்மா" என்றேன்.

மறுநாள் சொன்ன பதில் இதுதான். "உங்கம்மா சொன்னது உண்மையா இருக்கலாம். ஆனா கலைக்களஞ்சியம் முதல்ல எழுதுற இடம் இல்ல, ஏற்கெனவே எழுதினதைத் தொகுக்குற இடம். அதனால அங்க அது இல்லைங்கறதுக்கு நடக்கவே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. யாரும் இன்னும் எழுதலைன்னுதான் அர்த்தம். அப்போ யாரு எழுதணும்?"

அந்தக் கேள்வியிலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு நோட்டு பிறந்தது. பிள்ளைகள் தங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலை பார்க்கும் ஒருவரிடம், அவருடைய வேலையில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். சொன்னவரின் சம்மதம், கேட்ட நாள், அவர் சொன்ன சொல் மாறாமல் இருப்பது ஆகிய மூன்றும் கட்டாயம். அந்த மாணவிதான் முதல் பக்கத்தை எழுதினாள். இந்த நோட்டு கலைக்களஞ்சியத்துக்குச் சான்றாகாது. ஆனால் நாளை ஓர் ஆய்வாளரோ நிருபரோ தேடி வந்தால் அவருக்கு வழி காட்டும். விதியின் வரம்பைச் சொல்லிக்கொடுக்காமல் விதியை மட்டும் சொல்லிக்கொடுத்தால், தங்கள் வாழ்க்கை அறிவில் சேராது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். அது நாம் கற்பிக்கக் கூடாத பாடம்.

தொடர் செயல்பாடுகள்

தொடக்க வகுப்புகளுக்கு: நான்காம், ஐந்தாம் வகுப்பில் 'யார் சொன்னது?' என்று ஒரு விளையாட்டு நடத்தலாம். சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு அழைத்தார் என எல்லாரும் சொல்கிறோம். எந்த ஆண்டு? எந்தக் கூட்டத்தில்? எந்த ஏட்டில் இருக்கிறது? கேட்டுக்கொண்டே போகட்டும். 'தாத்தா சொன்னார்', 'புத்தகத்தில் இருந்தது', 'நானே பார்த்தேன்' என்று விடைகளை மூன்று பெட்டியில் போடட்டும். விடை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கேட்கும் பழக்கம் கிடைத்துவிடும்.

நடுநிலை வகுப்புகளுக்கு: செய்தியையும் கருத்தையும் பிரிக்கும் பயிற்சி. 'பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது, சரவெடிக்குத் தடை விதித்தது' என்பது செய்தி. 'அநியாயமான தீர்ப்பு', 'அருமையான தீர்ப்பு' இரண்டும் கருத்து. ஒரே வகுப்பில் இரண்டு கருத்துள்ள பிள்ளைகளும் இருப்பார்கள். செய்தியில் மட்டும் எல்லாரும் ஒன்றுபட முடியும் என்பதை அவர்களே காணட்டும்.

உயர் வகுப்புகளுக்கு: சான்றுகளே முரண்பட்டால் என்ன செய்வது? 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. இறந்தோர் எண்ணிக்கை 50-ஐத் தாண்டியதாக முதலில் செய்திகள் வந்தன. பிறகு 40-ஐ ஒட்டிய எண்ணாகக் குறைந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு எண்ணை அழித்து இன்னொன்றை எழுதிச் சண்டையிட வேண்டியதில்லை. யார், எந்த நாளில், என்ன எண் சொன்னார் என்று எழுதி, பிந்தைய அதிகாரபூர்வ எண்ணுக்கு முதன்மை கொடுக்க வேண்டும். அந்த எண்ணில் நம் பிள்ளைகளின் உறவினர்களும் இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நடத்த வேண்டிய பாடம் இது.

உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில், நம் மாவட்டத்தைப் பற்றிய ஏதேனும் ஒரு கட்டுரையைத் திறந்து, வரலாறு, உரையாடல் பக்கங்களை மாணவரோடு சேர்ந்து படிக்கலாம். சான்று இல்லாத மூன்று வரிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

கவனிக்க வேண்டியவை

மாணவர்கள் தங்கள் உண்மைப் பெயர், பள்ளி, அலைபேசி எண் ஆகியவற்றை எந்தத் தளத்திலும் பதியக் கூடாது. பயிற்சிக்காகக்கூட உண்மையான கட்டுரையில் தவறான வரியைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அதற்குக் கரும்பலகை இருக்கிறது. பாடநூலிலிருந்தோ நாளிதழிலிருந்தோ அப்படியே நகலெடுத்து ஏற்றினால் அது பதிப்புரிமை மீறல். நம் சொந்த நடையில் எழுத வேண்டும். நம் பள்ளி, நம் உறவினர், நம் மாணவர் பற்றி நாமே கட்டுரை எழுதாமல் இருப்பது நல்லது. பிழை இருந்தால் உரையாடல் பக்கத்தில், நம் தொடர்பைச் சொல்லி, திருத்தம் கேட்கலாம்.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டில் இதைச் சேர்க்கலாம். கட்டுரை எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டாம். இந்த நான்கை மட்டும் பார்த்தால் போதும்: ஒவ்வொரு வரிக்கும் சான்று காட்டினாரா? புகழ்ச்சியும் வசையும் இல்லாமல் எழுதினாரா? அழித்த வரிக்குக் காரணம் சொன்னாரா? தன் கருத்துக்கு எதிரான சான்றையும் சேர்த்தாரா? நான்காவதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். பெரியவர்களுக்கும் கடினமானது அது.

என் பழைய மாணவனின் நிறுவனம் இன்றும் நடக்கிறது. அதைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை இல்லை. நான் எழுதவும் போவதில்லை. 2017-இல் பதில் எழுதாமல் விட்ட கேள்விக்கு, இந்தப் பாடத்தை நடத்தி முடித்த பிறகு அதே பயனரின் பக்கத்தில் போய் எழுதினேன்: "அவன் என் மாணவன். அன்றே சொல்லியிருக்க வேண்டும்." இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "நன்றி. உங்கள் ஊர்க் கண்மாய்க் கட்டுரைக்குச் சான்று சேர்க்க முடியுமா?"

பழைய வருவாய்த்துறை ஆவணங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து தேடுகிறார்கள்.

கட்டுரையாளர்: பட்டதாரி ஆசிரியர் (சமூக அறிவியல்), அரசு உயர்நிலைப் பள்ளி, விருதுநகர் மாவட்டம்.